ரோபோவும் வெட்டி உழைப்பும்

(செகந்திராபாத்தில் வாழும் தமிழ்த் தோழர்களுக்காக நடைபெற்ற கட்சி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். நேரமின்மையால் பேச்சில் விடுபட்ட சில விவரங்கள் இங்கே சேர்க்கப்பட்டுள்ளன.)



ரோபோ இயலின் வரலாறும் வளர்ச்சியும் என்ற தலைப்பை எனக்குக் கொடுத்திருக்கிறீர்கள். நான் பொறியாளன் அல்லன். தமிழ் முதுகலை படித்தவன். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாகக் கட்சி ஆவணங்களையும் கட்டுரைகளையும் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவரும் பணியைச் செய்துவருபவன். இத்தலைப்பில் பேச நான் ஒப்புக்கொண்டதற்குக் காரணம், பட்டான்செரு தொழிற்பேட்டையில் வாகன உதிரிபாக ஆலை ஒன்றில் வேலை செய்யும் நம் தோழர் ஒருவர் சென்ற மாதம் கேட்ட கேள்வி. அவர் இங்கே வந்திருக்கிறார்.

"எங்கள் வெல்டிங் பிரிவில் இரண்டு ரோபோக்களை நிறுத்திவிட்டார்கள். ஒரு ஷிப்டுக்கு எட்டுப் பேர் நின்ற இடத்தில் இப்போது மூன்று பேர் நிற்கிறோம். நிரந்தரத் தொழிலாளி எவரையும் வெளியே அனுப்பவில்லை. ஒப்பந்தத் தொழிலாளர்கள்தாம் மறுநாள் முதல் காணாமல் போனார்கள். சங்கக் கூட்டத்தில் நான் என்ன பேசுவது? ரோபோ வேண்டாம் என்றா?" என்று அவர் கேட்டார். அன்று என்னிடம் விடை இல்லை. அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டுதான் இவ்வரலாற்றைப் படித்தேன்.

மொழிபெயர்ப்பாளனுக்கு எந்தப் பொருளுக்குள்ளும் நுழையும் வாசல் சொல்தான். ரோபோ என்பதற்கு 'இயந்திர மனிதன்' என்று எழுதியிருக்கிறேன். 'எந்திரன்' என்றும் எழுதியிருக்கிறேன். இரண்டிலும் எனக்கு நிறைவு இல்லை. ஆலைகளில் உள்ள ரோபோக்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்குத் தலையும் இல்லை, காலும் இல்லை; தரையில் பதிக்கப்பட்ட ஒற்றைக் கைதான் உண்டு. அதில் மனிதனை எங்கே தேடுவது? ஆகவே சொல்லின் வேரைத் தேடிப் போனேன்.

செக் எழுத்தாளர் காரெல் சாபெக் 1920-இல் 'ஆர்.யு.ஆர்.' என்ற நாடகத்தை வெளியிட்டார். 1921 ஜனவரி 25 அன்று அது பிராக் நகரின் தேசிய அரங்கில் மேடையேறியது. ரோபோ என்ற சொல் உலகுக்குக் கிடைத்தது அந்த நாடகத்தின் வழியேதான். சொல்லைத் தந்தவர் காரெலின் அண்ணன், ஓவியர் யோசெப். பின்னாளில் நாஜி வதை முகாமில் உயிரிழந்தவர் அவர். செக் மொழியில் 'ரோபோட்டா' என்பது பண்ணையடிமை தன் பிரபுவின் நிலத்தில் கூலியின்றிச் செய்தாக வேண்டிய கட்டாய உழைப்பு. ஹாப்ஸ்பர்க் பேரரசில் அதற்கென்று சட்டங்களே இருந்தன. 1680-இல் பொஹேமிய உழவர்கள் கலகம் செய்தபோது, வாரத்துக்கு மூன்று நாளுக்குமேல் ரோபோட்டா வாங்கக் கூடாது என்று ஓர் ஆணை பிறந்தது. 1775-இல் மீண்டும் கலகம் எழுந்தது. அரசி மரியா தெரேசா மற்றோர் ஆணை பிறப்பித்தார். வரலாற்று நூல்களில் இவ்வாணைகளுக்குப் பெயரே 'ரோபோட் ஆணை'தான். 1848 புரட்சிதான் அந்த முறைக்கு முற்றுப்புள்ளி வைத்தது.

இப்போது சொல்லுங்கள், இதற்குத் தமிழில் என்ன பெயர்? வெட்டி. சோழர் காலக் கல்வெட்டுகளில் குடிகள் செலுத்த வேண்டிய கடமைகளின் பட்டியலில் 'வெட்டி', 'முட்டையாள்' என்ற சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஏரிக்கரையை உயர்த்தவும் வாய்க்கால் தூர் வாரவும் கூலியின்றி ஆள் கொடுக்க வேண்டிய கடமை அது. வடமொழியின் 'விஷ்டி'யிலிருந்து வந்த சொல் என்பார்கள். இன்று நாம் 'வெட்டி வேலை' என்றால் பயனற்ற வேலை என்று பொருள் கொள்கிறோம். பயனற்றது யாருக்கு? உழைத்தவனுக்குக் கூலி வரவில்லை. ஆகவே அவன் கணக்கில் அது பயனற்றது. வாங்கியவனுக்கு அது ஏரியாகவும் விளைச்சலாகவும் கோயிலாகவும் நின்றது. சொல்லின் பொருளை மாற்றியவன் உழைத்தவன்தான் என்று நான் எண்ணுகிறேன். இலக்கணப் புலவர்கள் இதை ஒப்புக்கொள்ளாமல் போகலாம்.

நாம் கூடியிருக்கும் இந்த மண்ணுக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. நிஜாம் ஆட்சியில் தெலங்கானாவின் சிற்றூர்களில் 'வெட்டிச் சாகிரி' என்ற பெயரில் அதே முறை நிலவியது. சலவைத் தொழிலாளி, குயவர், முடிதிருத்துபவர், தலித் மக்கள் என ஒவ்வொரு சாதியினரும் தேஷ்முக்கின் வீட்டுக்கும் வயலுக்கும் கூலியின்றி உழைத்தாக வேண்டும். 1946 ஜூலை 4 அன்று கடவெண்டி கிராமத்தில் தொட்டி கொமரய்யா சுட்டுக் கொல்லப்பட்ட பின் மூண்டெழுந்த ஆயுதப் போராட்டத்தின் முதல் முழக்கங்களில் ஒன்று வெட்டி ஒழிப்பு. ஆக, ரோபோ என்ற சொல்லின் நேரான தமிழாக்கம் 'வெட்டியாள்' என்பதே. கூலி கேட்காத, ஓய்வு கேட்காத, சங்கம் சேராத ஓர் ஆள் வேண்டும் என்பது பிரபுக்களின் பழைய கனவு. ஆளைப் பிடித்து வைக்க முடியாமல் போன காலத்தில் அதே கனவு இரும்பில் வார்க்கப்பட்டது.

சாபெக்கின் நாடகத்தில் வரும் ரோபோக்கள் இரும்பால் ஆனவை அல்ல. ஆலையில் பிசைந்து உருவாக்கப்பட்ட உயிர்ப்பொருள்கள். ஆலையின் மேலாளர், இனி மனிதன் உழைக்க வேண்டியதே இல்லை, பண்டங்கள் எல்லாம் மலிந்துவிடும் என்று உறுதி கூறுகிறார். நடந்ததோ வேறு. வேலையிழந்த தொழிலாளர்கள் ரோபோக்களை உடைக்கிறார்கள். தொழிலாளர்களை ஒடுக்க ரோபோக்களின் கையில் துப்பாக்கி கொடுக்கப்படுகிறது. அந்தத் துப்பாக்கி பின்னர் மனிதகுலத்தின் மீதே திரும்புகிறது. இறுதியில் உயிரோடு விடப்படுபவர் ஒரே ஒருவர். தங்களைப் போலவே கையால் வேலை செய்பவர் என்பதால் ரோபோக்கள் அவரை விட்டுவைக்கின்றன. இவ்வளவு எழுதிய சாபெக் கம்யூனிஸ்ட் அல்லர். தான் ஏன் கம்யூனிஸ்ட் இல்லை என்று விளக்கித் தனிக் கட்டுரையே எழுதியவர். அவர் கண்ணுக்கும் இது தெரிந்தது.

சொல்லுக்கு முன்பே பொருள் பற்றிய கற்பனை இருந்தது. தமிழ் படித்தவர்களுக்குச் சீவக சிந்தாமணியின் மயிற்பொறி நினைவுக்கு வரும். நிறைமாதத்தில் இருந்த அரசி விசயை அதில் ஏறித் தப்பிச் செல்கிறாள். சிலப்பதிகாரம் மதுரை மதிலின் மேல் இருந்த போர்ப்பொறிகளைப் பட்டியலிடுகிறது. இவற்றைக் காட்டி அக்காலத்திலேயே நம்மிடம் விமானமும் ரோபோவும் இருந்தன என்று மேடையில் முழங்குகிறவர்கள் இன்று ஆட்சியாளர்களிடையே உண்டு. கவிஞனின் கற்பனையைக் கவிஞனுக்கே விட்டுவிடுவோம். ஆனால் உதயணன் கதையில் வரும் யானைப்பொறியை மட்டும் நான் மறக்கமாட்டேன். உதயணனைச் சிறைப்பிடிக்கப் பகையரசன் அனுப்பிய அந்த மாய யானையின் வயிற்றுக்குள் படைவீரர்கள் ஒளிந்திருந்தார்கள். தானே நடப்பதுபோல் தோன்றிய பொறியை உள்ளிருந்து நடத்தியவர்கள் மனிதர்கள். இந்த யானை பிறகு மீண்டும் வரும்.

உண்மையான வரலாற்றில் நான் தொடங்க விரும்புவது பிரான்சிலிருந்து. ஜாக் வோகன்சன் என்ற கைவினைஞர் 1738-இல் புல்லாங்குழல் வாசிக்கும் பொம்மை ஒன்றைச் செய்தார். மறு ஆண்டு இறகடித்து இரை தின்னும் தாமிர வாத்து ஒன்றைச் செய்தார். பாரிஸ் பணம் கொடுத்துப் பார்த்து வியந்தது. அரசு வியந்ததோடு நிற்கவில்லை. 1741-இல் அவரைப் பட்டுத் தொழிலின் ஆய்வாளராக நியமித்தது. அவர் வகுத்த புதிய விதிமுறைகளை எதிர்த்து 1744-இல் லியோன் நகரப் பட்டு நெசவாளர்கள் தெருவில் இறங்கினார்கள். அவர் நகரைவிட்டு ஓட நேர்ந்தது. மறு ஆண்டே அவர் தானியங்கித் தறி ஒன்றை வடிவமைத்தார். அது அப்போது பரவவில்லை. ஆனால் 1804-இல் ஜக்கார்ட் உருவாக்கிய புகழ்பெற்ற தறி அதன் வழியில் வந்ததே. துளையிட்ட அட்டைகளைக் கொண்டு இயந்திரத்துக்கு ஆணையிடும் முறை அங்கிருந்து கணிப்பொறி வரை தொடர்ந்தது. பொம்மையிலிருந்து தறிக்கு வந்த இடைவெளி ஏழே ஆண்டுகள். அந்த ஏழு ஆண்டுகளுக்குள் நெசவாளர் கலகமும் நிகழ்ந்துவிட்டது. ரோபோ இயலின் வரலாற்றை எழுதுவோர் வாத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். லியோன் கலகம் பெரும்பாலும் ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது.

இனி ஆலை ரோபோ. அமெரிக்காவில் ஜார்ஜ் டெவோல் என்பவர் 1954-இல் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். பொருள்களை ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் வைக்கும், கட்டளைகளை மாற்றியமைக்கக்கூடிய கை ஒன்று அதன் கரு. பழைய தானியங்கி இயந்திரம் ஒரே வேலையைத்தான் செய்யும். வேலை மாறினால் இயந்திரமும் மாற வேண்டும். டெவோலின் கையில் வேலையின் படிகள் காந்த உருளை ஒன்றில் பதியப்பட்டன. பதிவை மாற்றினால் அதே கை வேறு வேலையைச் செய்யும். அதாவது தொழிலாளியின் இடத்தில் நிறுத்தத்தக்க முதல் இயந்திரம் அதுவே. ஜோசப் எங்கல்பெர்கர் அதை வணிகமாக்கினார். 'யூனிமேட்' என்ற பெயருடன் அது 1961-இல் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தது. வார்ப்பு அச்சிலிருந்து கொதிக்கும் உலோகத் துண்டுகளை எடுப்பது அதன் பணி. மனிதக் கை வெந்துபோகும் வேலை. அந்த இடத்தில் இயந்திரம் வந்ததை எந்தத் தொழிலாளியும் எதிர்க்கப் போவதில்லை, நாமும் எதிர்க்கமாட்டோம்.

பத்தே ஆண்டுகளில் காட்சி மாறியது. ஒஹாயோ மாநிலத்தின் லார்ட்ஸ்டவுனில் அதே நிறுவனம் தன் ஆலையை நவீனமாக மாற்றியமைத்தது. காரின் உடற்பகுதியில் விழும் வெல்டுகளில் மிகப் பெரும்பாலானவற்றை யூனிமேட் ரோபோக்களே செய்தன. வெல்டிங் புகையிலிருந்து தொழிலாளி விடுபட்டான் அல்லவா? ஆனால் ரோபோவின் வேகத்துக்கு ஏற்ப முழு வரிசையும் முடுக்கப்பட்டது. மணிக்கு அறுபது கார் என்பது அக்கால வழக்கம், அங்கே நூறு. அதாவது 36 நொடிக்கு ஒரு கார். ரோபோ செய்யாத எல்லா வேலைகளையும் மனிதன் அந்த 36 நொடிக்குள் செய்ய வேண்டும். பிறகு நூற்றுக்கணக்கானோரைக் குறைத்து, அவர்களது வேலையையும் மீதிப்பேர் தலையில் ஏற்றினார்கள். தொழிலாளர்களில் பெரும்பாலோர் இருபதுகளில் இருந்த இளைஞர்கள். வெல்ட் சரியில்லாத கார்களும் கண்ணாடி உடைந்த கார்களும் வரிசையின் முடிவில் குவிந்தன. 1972 மார்ச்சில் அவர்கள் மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வு அப்போராட்டத்தின் மையம் அன்று; வேகமும் ஆட்குறைப்புமே மையம். ரோபோவை அகற்று என்று அவர்கள் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அந்த 36 நொடியை இந்தியாவில் தேடினால் அரியானாவின் மானேசருக்குப் போக வேண்டும். அங்குள்ள மாருதி ஆலையில் 2011-இல் இளம் தொழிலாளர்கள் சொந்தச் சங்கம் கேட்டு அலையலையாகப் போராடினார்கள். ஒரு நிமிடத்துக்குள் ஒரு கார் என்ற வேகத்தில் வரிசை ஓடியது. கழிப்பறைக்குச் சென்றுவரவும் தேநீர் குடிக்கவும் தரப்பட்ட நிமிடங்களை அவர்கள் விரல்விட்டு எண்ணிச் சொன்னார்கள். 2012 ஜூலை 18 அன்று நிகழ்ந்த மோதலில் மேலாளர் ஒருவர் உயிரிழந்தார். அது வருந்தத்தக்க மரணம். அதன்பின் 148 தொழிலாளர் மீது வழக்கு நடந்தது. 2017 மார்ச்சில் தீர்ப்பு வந்தபோது 117 பேர் குற்றமற்றவர்கள் என விடுவிக்கப்பட்டார்கள். அவர்களிற் பலர் ஆண்டுக்கணக்கில் சிறையில் கிடந்தவர்கள். 13 பேருக்கு ஆயுள் தண்டனை. அதே மானேசரில் உதிரிபாக ஆலை ஒன்றில் 2015 ஆகஸ்டில் உலோகத் தகட்டைச் சரிசெய்யப் போன 24 வயதுத் தொழிலாளி ஒருவர் வெல்டிங் ரோபோவால் தாக்கப்பட்டு மாண்டார். ஆலை ரோபோவால் கொல்லப்பட்ட முதல் மனிதர் என்று பதிவானவர் அமெரிக்காவின் மிஷிகன் மாநிலத்தில், போர்டு நிறுவனத்தின் வார்ப்பாலையில் வேலை செய்த 25 வயது இளைஞர். அது நிகழ்ந்தது 1979 ஜனவரி 25. சாபெக்கின் நாடகம் பிராக்கில் மேடையேறிய அதே தேதி. இது தற்செயல்தான், ஆனாலும் அதைப் படித்தபோது சற்று நேரம் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டேன்.

2023-இல் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 5 லட்சத்து 41 ஆயிரம் ஆலை ரோபோக்கள் நிறுவப்பட்டன. அவற்றில் பாதிக்கு மேல் சீனாவில். இந்தியாவில் சுமார் 8,500. நம் நாட்டில் முதலிடம் வாகனத் தொழிலுக்குத்தான்.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். கையும் காலும் கருவியும் தானே இயங்கும் இவ்வளவு நுட்பம் கைக்கு வந்துவிட்டதே, மனிதன் செய்யவே கூடாத வேலைகளில் அது ஏன் முதலில் இறங்கவில்லை? நிலவில் இறங்கியது. 1970 நவம்பரில் சோவியத் ஒன்றியம் அனுப்பிய லூனகோத் வண்டி, பூமியிலிருந்து செலுத்தப்பட்டு, நிலவின் மேல் பத்து கிலோமீட்டருக்கு மேல் ஊர்ந்தது. வேறோர் உலகில் ஊர்ந்த முதல் தொலைவியக்க வண்டி அதுவே. 2023 ஆகஸ்டில் நம் பிரக்யான் ஆறு சக்கரங்களோடு நிலவின் தென்முனைப் பகுதியில் இறங்கியதை எல்லோரும் பெருமையோடு பார்த்தோம். நானும்தான்.

ஆனால் 1986-இல் செர்னோபிலில் அணுஉலை வெடித்தபோது, கூரைமேல் சிதறிய கதிர்வீச்சுக் கிராஃபைட்டை அள்ள அனுப்பப்பட்ட தொலைவியக்க இயந்திரங்களில் பல, கதிர்வீச்சில் செயலிழந்து நின்றன. பிறகு மனிதர்கள் அனுப்பப்பட்டார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர், ஒவ்வொருவரும் ஓரிரு நிமிடம், மண்வெட்டியோடு கூரைமேல் ஓடி அள்ளிக் கொட்டிவிட்டுத் திரும்பினார்கள். அவர்களுக்கு இடப்பட்ட பெயர் 'உயிர் ரோபோக்கள்'. அவர்களது தியாகம் ஒரு கண்டத்தைக் காத்தது. எனினும் மனிதனுக்கு ரோபோ என்ற பெயர் திரும்பி வந்த அந்தக் கணத்தை நம் இயக்கத்தவர் எளிதாகக் கடந்துவிடக் கூடாது என்பது என் கருத்து.

செர்னோபில் ஒரு பேரிடர். நம் நகரங்களில் அது அன்றாட நிகழ்வு. கழிவுநீர்க் குழிக்குள் மனிதனை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மரணத்துக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்றது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. 2019 முதல் 2023 வரை 377 பேர் இவ்வாறு இறந்ததாக ஒன்றிய அரசே நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டுள்ளது. இந்த வேலையில் இருப்போரைப் பற்றி அரசு எடுத்த கணக்கில் 38 ஆயிரம் பேரில் ஏறத்தாழ 92 விழுக்காட்டினர் தலித், பழங்குடி, பிற்பட்ட சாதியினர். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தலித்துகள்.

இயந்திரம் இல்லையா? இருக்கிறது. திருவனந்தபுரத்தில் இளம் பொறியாளர்கள் உருவாக்கிய 'பேண்டிகூட்' ரோபோ 2018-இலேயே கேரளத்தில் வேலைக்கு வந்துவிட்டது. குழியின் வாயில் கால் ஊன்றி, கேமராவும் வாயு உணரியும் கொண்ட கையைக் கீழே இறக்கி அடைப்பை அள்ளுகிறது. மேலே நிற்கும் தொழிலாளி திரையைப் பார்த்து அதை இயக்குகிறார். இந்த ஐதராபாத்திலேயே 2017-இல் குறுகிய சந்துகளில் நுழையத்தக்க சிறு நீர்ப்பாய்ச்சு இயந்திரங்களைக் குடிநீர் வாரியம் இறக்கியது. அதே நகரின் சாகேப்நகரில் 2021 ஆகஸ்டில் இரவு வேளையில் குழிக்குள் இறங்கிய இரு தொழிலாளர் மாண்டார்கள்.

இதற்கான விடை மூலதனம் முதல் பாகத்தில், இயந்திரங்கள் பற்றிய அத்தியாயத்தில் இருக்கிறது. முதலாளி இயந்திரம் வாங்குவது அது உழைப்பை மிச்சப்படுத்துகிறது என்பதற்காக அன்று. அது இடம்பெயர்க்கும் உழைப்புச் சக்தியின் விலையைவிட இயந்திரத்தின் விலை குறைவாக இருந்தால் மட்டுமே. அமெரிக்காவில் கல்லுடைக்கும் இயந்திரம் வந்த பின்னும் இங்கிலாந்தில் அதைப் பயன்படுத்தவில்லை. கல்லுடைப்பவனுக்குக் கொடுத்த கூலி அத்தனை அற்பம். கால்வாயில் படகு இழுக்கக் குதிரைக்குப் பதில் பெண்களைப் பூட்டினார்கள். குதிரைக்குத் தீனிச் செலவு உறுதியாகத் தெரியும், அந்தப் பெண்களின் உயிருக்கு விலையே இல்லை. மார்க்ஸ் கண்ட அந்தக் கணக்குதான் இங்கும். இந்தியாவில் அக்கணக்கைச் சாதி மேலும் மலிவாக்குகிறது. கார் வெல்டரின் கூலியும் அவரது சங்கமும் முதலாளிக்குச் செலவு. ஆகவே அங்கே ரோபோ விரைந்து வருகிறது. குழிக்குள் இறங்குபவர் நாள்கூலிக்கு ஒப்பந்தக்காரர் பிடித்துவரும் ஆள். ஆகவே அங்கே ரோபோ கண்காட்சிப் பொருளாக நின்றுவிடுகிறது. சாபெக்கின் சொல்லை மீண்டும் நினைத்துக்கொள்ளுங்கள். வெட்டியாள் ஏற்கெனவே இருக்கும் இடத்தில் இரும்பு வெட்டியாளுக்கு வேலை இல்லை.

யானை மீண்டும் வரும் என்றேன். 1770-இல் வியன்னாவில், பின்னாளில் ரோபோட் ஆணையில் கையெழுத்திட்ட அதே மரியா தெரேசாவின் அவையில், சதுரங்கம் ஆடும் பொம்மை ஒன்று காட்டப்பட்டது. 'துருக்கியன்' என்பது அதன் பெயர். ஐரோப்பாவை நெடுங்காலம் ஏமாற்றியது; பெட்டிக்குள் ஒரு மனிதன் ஒளிந்திருந்து ஆடினான். 2005-இல் அமேசான் நிறுவனம், கணிப்பொறியால் செய்ய முடியாத துண்டு வேலைகளை உலகெங்கும் உள்ள மனிதர்களிடம் வாங்கும் சேவை ஒன்றைத் தொடங்கியது. வெட்கமே இல்லாமல் அதற்கு அந்தப் பொம்மையின் பெயரையே வைத்தது. இன்று செயற்கை நுண்ணறிவு கொண்ட ரோபோவுக்குக் கண் எங்கிருந்து வருகிறது? புவனேஸ்வரத்திலும் கொல்கத்தாவிலும் இளைஞர்களும் பெண்களும் திரைமுன் அமர்ந்து, இது கார், இது மரம், இது மனிதன் என்று படம் படமாகக் கோடு வரைந்து கொடுக்கிறார்கள். நம் கரூரில், மனித உருவ ரோபோவுக்குத் துண்டு மடிக்கக் கற்றுக்கொடுப்பதற்காகத் தொழிலாளர்கள் நெற்றியில் கேமராவைக் கட்டிக்கொண்டு துண்டுகளை மடித்து மடித்துப் படம் எடுத்து அனுப்புகிறார்கள். துண்டு நெய்த ஊர், இப்போது துண்டு மடிக்கும் கையசைவையும் ஏற்றுமதி செய்கிறது. அந்தக் கையசைவுக்கு ஒருமுறை கூலி கொடுத்தாகிவிட்டது. இனி அது என்றைக்கும் மூலதனத்தின் உடைமை.

இனி பட்டான்செரு தோழரின் கேள்வி. 'ரோபோ வேண்டாம்' என்று பேசுவதா? நம் சொந்த அனுபவத்தை ஒளிவுமறைவின்றிப் பார்ப்போம். 1960களில் கொல்கத்தாவில் ஆயுள் காப்பீட்டுக் கழக ஊழியர்கள் கணிப்பொறியை நிறுவவிடாமல் காவல் காத்துப் போராடினார்கள். இதைச் சொல்லிச் சொல்லி நம்மை நையாண்டி செய்யாத முதலாளித்துவ நாளேடு இல்லை. வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய காலத்தில் எழுந்த அந்த அச்சம் பொய்யானது அன்று. ஆனால் கணிப்பொறியே வேண்டாம் என்ற நிலையில் நீண்டகாலம் நிற்க முடியவில்லை என்பதும் உண்மை. வங்கி ஊழியர் இயக்கம் அதிலிருந்து பாடம் கற்றது. 1983-இல், எவ்வகை இயந்திரம், எந்த அளவுக்கு என்பதை வரையறுத்து நிர்வாகங்களுடன் ஒப்பந்தம் செய்தது. இயந்திரம் வந்தது, பேரம் பேசும் மேசையின் வழியாக வந்தது.

அதற்கும் முன்பே கான்பூர் உண்டு. 1955 மே மாதத்தில் தொடங்கி 80 நாள், நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பஞ்சாலைத் தொழிலாளர்கள் 'சீரமைப்பு' என்ற பெயரில் வேலைப்பளுவைக் கூட்டியதை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் 1957-இல் கூடிய 15-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாட்டை நாம் குறைந்தபட்சக் கூலி வரையறைக்காக மட்டுமே நினைவு வைத்திருக்கிறோம். அதே மாநாடு இயந்திரமயத்துக்கும் நிபந்தனை வகுத்தது. இருக்கும் தொழிலாளி எவருக்கும் வேலையிழப்போ வருவாய் இழப்போ கூடாது; ஆதாயத்தில் தொழிலாளிக்கும் சமூகத்துக்கும் நியாயமான பங்கு வேண்டும்; வேலைப்பளுவை இருதரப்பும் ஏற்கும் வல்லுநர்கள் அளக்க வேண்டும். அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து ஒப்புக்கொண்டவை இவை. நம் கோரிக்கை மனுக்களில் இவற்றைக் கடைசியாக எப்போது எழுதினோம்?

சட்டத்திலும் ஒரு பிடி உண்டு. 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டத்தின் 9-அ பிரிவும் நான்காவது அட்டவணையும், ஆட்குறைப்புக்கு இட்டுச் செல்லக்கூடிய இயந்திர மாற்றத்துக்கும், ஒரு பிரிவிலோ ஷிப்டிலோ ஆள் எண்ணிக்கையை மாற்றுவதற்கும் 21 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்றன. 2020-ஆம் ஆண்டுத் தொழிலுறவுத் தொகுப்பு பலவற்றைப் பறித்திருக்கிறது. ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி பெற வேண்டிய ஆலையின் அளவை 100 தொழிலாளரிலிருந்து 300 ஆக உயர்த்திவிட்டது. ஆயினும் மாற்றத்துக்கு முன்னறிவிப்பு என்ற ஏற்பாடு அதன் 40-ஆவது பிரிவிலும் தொடர்கிறது. உங்கள் ஆலையில் அந்த அறிவிப்பு ஒட்டப்பட்டதா என்று தோழரிடம் கேட்டேன். ஒட்டவில்லை என்றார்.

ஆகவே சங்கக் கூட்டத்தில் பேச வேண்டியது வேகத்தைப் பற்றியும் ஆள் எண்ணிக்கையைப் பற்றியும். ரோபோ வருவதற்கு முன் ஒரு ஷிப்டில் எத்தனை உறுப்புகள் வெல்ட் ஆயின, இப்போது எத்தனை? மீதமுள்ள மூவர் தலைக்கு எத்தனை கூடியது? ரோபோவைச் சுற்றிப் பாதுகாப்பு வேலி உண்டா, கதவைத் திறந்தால் அது நிற்கிறதா? வெளியேறிய ஒப்பந்தத் தொழிலாளர் ஐவரும் எத்தனை ஆண்டுகள் அதே வெல்டிங் வேலையைச் செய்தார்கள்? நிரந்தரத் தன்மையுள்ள வேலையில் இருந்தவர்கள் என்றால் அவர்களும் நம் தொழிலாளர்களே. அவர்களைத் தவிர்த்துவிட்டு மூவரின் வேலைப்பளுவை மட்டும் பேசினால், அடுத்த ரோபோ வரும்போது பேச மூவரும் இருக்கமாட்டார்கள்.

தோழர் ஒரு குறிப்பேட்டில் இவற்றை எழுதத் தொடங்கியிருக்கிறார். ஐவரில் இருவரின் தொலைபேசி எண் கிடைத்துவிட்டது. ஒருவர் ஒடிசாவுக்குத் திரும்பிவிட்டாராம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சங்க அலுவலகத்தில் அந்தக் குறிப்பேட்டோடு உட்காருகிறோம். தொழிலாளர் நீதிமன்றத்தில் வாதாடும் தோழரும் வருகிறார். வேறு ஆலைகளில் ரோபோ நிறுத்தப்பட்ட பிரிவுகளில் இருப்போர் உங்கள் கணக்கையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.